கோலடிக்கிறவனை விற்ற கிழமை

இன்று டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பஸ்ஸில், என்னோடு அகதி முகாமில் இருக்கிற யோகண்ணைக்கு ஒரே கொதி. புதன்கிழமை ஐரோப்பியக் கிண்ணத் தகுதி ஆட்டம். எங்கள் ஒடென்சே கால்பந்துக் கழகமோ கோலடிக்கிற ஒரே ஆளையும் சுவிஸுக்கு விற்றுவிட்டது.

"பதிலுக்கு ஆரை எடுத்தவங்கள்?" என்றேன்.

"முழங்கால் ஒப்பரேசன் செய்த ஒரு கிழவனை. ஆறு கோல் வாங்கப் போறம், இருந்து பார்."

"அப்ப நீங்கள் போகேல்லையோ?"

"போகாமல்? ரிக்கற் எடுத்தாச்செல்லே!"

கழகத்தின் பெயர் காதில் விழவே முன்சீட்டு டேனிஷ்காரர் திரும்பி, விற்கப்பட்டவனுக்குச் சுவிஸ் வதிவிட அனுமதி மூன்றே நாளில் கிடைத்ததாம் என்றார்.

யோகண்ணையின் அகதி விண்ணப்பத்துக்குப் பதினான்கு மாதமாகப் பதிலில்லை.

முகாம் வாசலில் இறங்கும்போது யோகண்ணை சொன்னார்: "சின்னனில பந்தை ஒழுங்கா அடிச்சுப் பழகியிருக்கலாம்."

முகாம் சமையலறை அறிவித்தல் பலகையில் இதை வாசிக்கிறவர்களே, உங்களில் யாராவது இடதுகாலால் கோலடிப்பீர்களா? கீழே பெயரை எழுதுங்கள். ஒருவராவது இந்த முகாமை விட்டு வெளியே போகட்டும்.