“நீ வரலதானேக்கா?”

போன வருடம் தசரா விடுமுறையில் கொச்சிக்குப் போயிருந்தோம். ஐகோர்ட் பக்கத்துப் படகுத்துறையில் நீர்ப்பேருந்துக்காக வரிசையில் நின்றபோது நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நியாயமாகச் சொன்னால் அதற்குச் சில மாதங்கள் முன்பே பெங்களூரில் எல்லாம் தொடங்கிவிட்டது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

நாங்கள் இருப்பது வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டில். அங்கே எனக்கு ‘டூர் மேனேஜர்’ என்று பட்டப்பெயர். நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தால் போதும், எங்கே போகலாம், எதில் போகலாம், எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். ஆபீசில் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனாலேயே இந்தச் சம்பளமில்லாத உத்தியோகத்தை நான் ரொம்ப சீரியஸாகப் பார்ப்பேன். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எனக்கு ஒரே ஒரு அக்கா. அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு ஜோகுபாளையத்துக்கு வந்தோம். அந்த வீட்டில் இப்போது அக்கா மட்டும் இருக்கிறாள். ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவளுக்கு வீல்சேர்தான். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்காகப் போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் சண்டையும் போடுவாள், சமாதானமும் செய்வாள். மெட்ரோவில் தனியாகவே எங்கள் வீட்டுக்கு வந்து போவாள். அவள் காதுபட யாராவது ‘பாவம்’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

அந்த அக்காதான் ஜூலை மாதவாக்கில் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். கொச்சியில் தீவுகளுக்கு ஓடுகிற நீர்ப்பேருந்து பற்றிய வீடியோ. அனுப்பிய கையோடு போனும் செய்தாள்.

“பாத்தியாடா தண்ணி பஸ்ஸ?”

“தண்ணி பஸ்ஸா? வெளியில சொல்லிடாதக்கா, நம்ம ஆளுங்க பாட்டிலோட வந்து நிப்பாங்க” என்றேன்.

சிரித்தாள். “கிண்டல விடு. ஏறுற மேடைய நல்லா பாரு. அதுவும் தண்ணியிலதான் மிதக்குது. அலை ஏறினா மேடையும் ஏறும், எறங்கினா எறங்கும். படகும் மேடையும் எப்பவும் ஒரே மட்டம். படியே கெடையாதுடா” என்றாள்.

“சூப்பர்க்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு பயணத் திட்டத்துக்கு நல்ல தகவல் கிடைத்தது என்ற அளவுக்குத்தான் என் மூளை வேலை செய்தது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி எங்கே இருக்கும் என்று ஒரு நாள், வைப்பின் தீவில் மீன் சாப்பாடு நன்றாக இருக்குமாம் என்று இன்னொரு நாள். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், ரயில் பெட்டி விஷயத்தைத் தவிர. அது நமக்கு எதற்கு என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

திட்டம் தயாரானது. நானும் மனைவியும், கூடவே எங்கள் அபார்ட்மென்டிலிருந்து ஒரு திருச்சிக் குடும்பம். காலையில் முளவுகாடு, அங்கிருந்து வைப்பின், மதியம் மீன் சாப்பாடு, பிறகு ஃபோர்ட் கொச்சி, சாயங்காலம் வில்லிங்டன் தீவு என்று ஒரே நாளில் ஒரு மாமாங்கத்துக்கான ஊர் சுற்றலை அடக்கிவிட்டேன். “பாஸ், உங்கள அடிச்சிக்க ஆள் இல்ல” என்று திருச்சி நண்பர் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அக்காவைக் கூட்டிப் போவது பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அவள் வந்தால் எல்லா இடத்திலும் வேகம் குறையும், அத்தனை தீவு பார்க்க முடியாது என்று தோன்றியது. தோன்றியதை மூடி வைத்துவிட்டு, அவளுக்குத்தான் சிரமம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஜோகுபாளையத்துக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? அக்காவிடம் ஒரு டிராலி பை இருந்தது, அதை இரவல் வாங்க. பையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்டேன்.

“நீ வரலதானேக்கா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இல்லடா. பரவால்ல, நீங்க போய்ட்டு வாங்க” என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கேட்க வேண்டிய முறைக்குக் கேட்டாயிற்று, அவளும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மெட்ரோவில் திரும்பும்போது பாட்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.

கொச்சியில் காலை வெயில் அதற்குள் சுள்ளென்று இருந்தது. படகு வந்து நின்றது. நாங்கள் ஏறும் வாசலை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து மலையாளத்தில் ஒரு குரல், “ஒன்னு மாறிக்கே.” திரும்பினால் வீல்சேரில் ஒரு அம்மா, மடியில் காய்கறிப் பை. சுற்றுலா வந்தவர் மாதிரி இல்லை, மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர். நாங்கள் விலகியதும் விறுவிறுவென்று உருட்டிக்கொண்டு உள்ளே போனார். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு தடுக்கல் இல்லை, ஒரு தூக்கல் இல்லை. உள்ளே தனக்கென்று இருந்த இடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டு, போனை எடுத்து யாரையோ திட்ட ஆரம்பித்தார்.

‘படியே கெடையாதுடா.’ அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா எனக்கு டூர் தகவல் சொல்லவில்லை. என்னையும் கூட்டிட்டுப் போடா என்று மாதக்கணக்கில், தன் வாயால் கேட்காமல் கேட்டிருக்கிறாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். அதற்கு மேல் எப்படிக் கேட்பாள்?

படகு கிளம்பியது. திருச்சி நண்பரின் மனைவியும் அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார். “சார், உங்க அக்காவும் வந்திருக்கலாமே. எவ்ளோ வசதியா இருக்கு” என்றார் சாதாரணமாக.

என் மனைவி உடனே என் பக்கம் திரும்பினாள். “ஆமா, நீங்க கூப்பிட்டீங்கதானே?”

ஒரு நொடிதான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்களே என்று வாய் தானாகப் பொய் சொன்னது. “கூப்பிடாம இருப்பனா? அவதான் வரலன்னுட்டா.”

“அண்ணியா வரலன்னாங்க? என்கிட்ட எத்தன தடவ இந்த போட்டப் பத்திப் பேசியிருக்காங்க!” என்று ஆச்சரியப்பட்டவள், நான் தடுப்பதற்குள் அக்காவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். வேலை நேரம், தொந்தரவு செய்யாதே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை.

திரையில் அக்கா வந்தாள். காதில் ஹெட்போன், பின்னால் எங்கள் வீட்டுப் பச்சைச் சுவர். எல்லாரும் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஸ்பீக்கர் வேறு.

“என்ன அண்ணி நீங்க! அவரு கூப்பிட்டும் வரமாட்டேன்னுட்டீங்களாமே? இங்க வந்து பாருங்க, படியே இல்ல” என்றாள் என் மனைவி.

அக்காவின் கண் திரையில் என்னைத் தேடியது. நான் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இப்போது போட்டுடைக்கப் போகிறாள், இத்தனை பேர் முன்னால் என் மானம் காயலில் மிதக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என் மானத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

“ஹௌதும்மா, ஆமாம்மா, கூப்பிட்டான். விழுந்து விழுந்து கூப்பிட்டான். எனக்குத்தான் லீவு கெடைக்கல” என்றாள் அக்கா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு, “போன கொஞ்சம் தண்ணி பக்கம் திருப்பேன்” என்றாள். மனைவி திருப்பினாள். அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். “சரிம்மா, எனக்குக் கால் வருது” என்று வைத்துவிட்டாள்.

“தம்பி இவ்ளோ கூப்பிட்டும், வேலைதான் முக்கியம்னு இருக்காங்க பாருங்க. கிரேட் பாஸ், ரெண்டு பேருமே கிரேட்” என்று திருச்சி நண்பர் என் முதுகில் தட்டினார்.

அதற்கப்புறம் நான் எந்தத் தீவையும் பார்க்கவில்லை. இறங்கினேன், ஏறினேன், போட்டோவுக்குச் சிரித்தேன். வைப்பினில் அந்த மீன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி மோர் வாங்கிக் கொடுத்தாள்.

பெங்களூர் திரும்பிய மறுநாள், ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் நேராக அல்சூரில் இறங்கி, பையை உருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“என்ன மன்னிச்சிடுக்கா. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் மானத்தக் காப்பாத்திட்ட” என்றேன்.

அழுவாள், அல்லது விடுடா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

“உன் மானத்த யாருடா காப்பாத்தினது? நெனப்பப் பாரு! கூடப் பொறந்தவனே இவள கூப்பிடலன்னு தெரிஞ்சா அங்க யாருக்குடா அசிங்கம்? நீ ஒரு நிமிஷம் தலையக் குனிஞ்சிருப்ப, அவ்ளோதான். என்னத்தான் அத்தன பேரும் அந்த போன்ல ஐயோ பாவம்னு பாத்திருப்பாங்க. அது எனக்கு வேணாம். அதுக்குத்தான் பொய் சொன்னேன். உனக்காக இல்ல.”

நான் பையை உள்ளே தள்ளிச் சுவரோரம் நிறுத்தினேன்.

“அப்புறம் இன்னொன்னு. ‘வர்றியா’ன்னு கேட்டா ஆமான்னோ இல்லன்னோ சொல்லலாம். நீ ‘வரலதானே’ன்னு கேட்ட. பதிலையும் நீயே சொல்லிட்டு நிக்கற. அதுக்கு மேல நான் வர்றேன்னு சொல்லி உன் கழுத்துலயா தொங்கணும்?”

“அடுத்த மாசமே நாம ரெண்டு பேரும் போலாம்க்கா. நான் பிளான் போடறேன்” என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“நீ ஒரு பிளானும் போட வேணாம். இத உன் பொண்டாட்டிகிட்டயும் போய் உளறி வைக்காத. அவளும் என்ன அப்டித்தான் பாப்பா. ஆய்த்து விடு, காபி போடறேன், குடிச்சிட்டுக் கெளம்பு” என்றாள். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, போனில் அக்காவின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நீர்ப்பேருந்தின் கண்ணாடியோரம் அவள். பக்கத்தில் கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். போவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை என்பதும் உடனே தெரிந்தது.

அன்று மாலையே லிஃப்டில் திருச்சி நண்பர் பிடித்துக்கொண்டார். “பாஸ், அக்கா ஸ்டேட்டஸ இப்பதான் மேடம் காட்டினாங்க. அன்னைக்கு லீவு கெடைக்கலன்னு விடாம, இப்ப நீங்களே அனுப்பி வச்சிட்டீங்களா? உங்கள மாதிரி ஒரு தம்பி கெடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும்!” என் மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள். தன்னிடம்கூடச் சொல்லாமல் நான்தான் அனுப்பினேன் என்று நம்பிவிட்டாள் போல, அவள் முகத்தில் என்னைப் பற்றி ஒரு பெருமை. நான் சிரித்து வைத்தேன். இல்லை என்று வாயைத் திறந்தால் அக்காவை அல்லவா காட்டிக்கொடுக்க வேண்டும்?

அதனால்தான் இதைப் பெயர் போடாமல் எழுதுகிறேன். செய்த தப்புக்கு நாலு பேர் திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒருவரும் திட்டாமல், இன்றுவரை என்னை நல்ல தம்பி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.