மழையன்று மங்காத ஒளி

கரும்பு வெட்ட வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ரஹீம் பாயின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அத்தா போய்ட்டாங்க." டீத்தூக்கை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோள் கொடுத்தேன்.

கல்லூரியில் அவரோடு இயற்பியல் நடத்தியவன் நான். பாயின் கேலி கல்லூரிக்கே தெரிந்ததுதான். மளிகைக்கடைக் குடும்பம். "எங்க வூட்ல எல்லாரும் பருப்பு நிறுக்கறாங்க, நான் வெளிச்சத்த நிறுத்துக்கினு இருக்கேன்" என்பார்.

அவர் அளந்தது பாதரச ஆவியின் ஒளியை. கண்ணாடிக் குழாயில் அடைத்த ஆவிமேல் விளக்கைப் பாய்ச்சினால், அதன் அணுக்கள் கிளர்ந்து தாமும் ஒளி விடும். உள்ளே வேறொரு வாயுவை விட்டால் அந்த வாயுவின் அணுக்கள் மோதி ஒளியைக் குறைக்கலாம். எவ்வளவு குறைகிறது என்பதுதான் பாயின் முனைவர் பட்ட ஆய்வு. ஹீலியம் மோதினால் ஒளி அவ்வளவாகக் குறையாது என்பது எல்லோரும் அறிந்தது. பாய்க்கோ நன்றாகவே குறைந்தது. புதிதாக ஒன்றைப் பிடித்துவிட்டார் என்று துறையே கொண்டாடியது. ஆய்வேடு பைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஒருநாள் கல்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, கொட்டித் தீர்த்தது. அன்று ஒளி குறையவே இல்லை. பாயின் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா சார் இது, மழை பேஞ்சா ஹீலியம் மோதாதா?"

"ஒருநாள் கணக்குதானே, வுடுங்க பாய்."

அவரா விடுவார்? மறுநாள் வெயில் ஏறியதும் குழாயின் இணைப்பை விரலால் அழுத்தினார். தகரக் கூரைச் சூட்டில், அதை அடைக்கப் பூசியிருந்த மெழுகு குழைந்தது. வெயில் நாளெல்லாம் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது; மழையன்று மெழுகு இறுகி வழியை அடைத்துவிட்டது. ஒளியைக் குறைத்தது காற்று, பழி ஹீலியத்தின்மேல்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார். சரிசெய்து அளந்ததில் பழைய உண்மைதான் வந்தது. அதற்குள் ஆய்வுக் காலமும் முடிந்துபோனது. பட்டம் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சிரித்தார். "பேருக்கு முன்னாடி பொய் எதுக்கு சார்? பேரு போதுங்க."

அடக்கம் முடிந்து திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டு சுவரில் பழைய மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 'முனைவர் ரஹீம்' என்று இருந்தது. அந்த வார்த்தை அவர் பெயரோடு எவ்வளவு பொருந்தியது! பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, அவர்களுடைய பசையையே தொட்டு, அந்த ஒரு வார்த்தையின்மேல் ஒட்டினேன்.

"இன்னா சார் பண்றீங்க? பெருமைக்குத்தானே போட்டோம்" என்று ஒருவர் பதறினார்.

"எனக்கும் ஆசதாம்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆசைப்பட்டதே ஆனாலும் உண்மை இல்லாததை விட்டுவைக்காத அந்தப் பிடிவாதத்தைத்தான் பாய் எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.