தெல்மோத்தின் காது

ஒக்தாவ் தெல்மோத்துக்குக் காது போய்விட்டது என்று பாரிஸ் முழுக்க ஒரே பேச்சு. கிளப்பிவிட்டவன் நாக்கு அழுக! பதினெட்டு வருஷமாக அவருக்கு இசைத்தாள் படியெடுத்துக் கொடுக்கும் லுசேத், கேட்டவர்களிடமெல்லாம் சண்டைக்கு நின்றாள்.

"காதா? ஊசி விழுந்தா எந்தக் கடை ஊசின்னு சொல்வாரு எங்க மொதலாளி!"

சும்மா வந்த மனுஷரா அவர்? ரூபே ஊரில் நெசவாலைத் தொழிலாளி மகன். ஆலை பேண்டில் கிளாரினெட் ஊதி, ஞாயிற்றுக்கிழமை நடனக்கூடங்களில் அக்கார்டியன்காரர்களோடு முட்டி மோதி, முப்பது வயதில் பதினாறு பேர் ஜாஸ் குழுவுக்குத் தலைவரானார். யுத்தம் முடிந்ததும் சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். இருபத்திரண்டு படம். ஓடாத படத்துக்கும் ஜனங்கள் அவர் மெட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். பியானோவைத் தொடவே மாட்டார். காப்பிக்கடை மேஜையில் உட்கார்ந்து முப்பது வாத்தியத்துக்கும் மடமடவென்று எழுதித் தள்ளுவார். அதை முதன்முதலாகப் பார்த்த அன்று லுசேத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் அது அடங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு மார்ச்சில் புலோஞ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் பெல்லிசியே காலையிலேயே வந்து கண்ணாடி அறைக்குள் குந்திக்கொண்டார். உள்ளே போகுமுன் லுசேத்திடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரே ஒரு ரொட்டி அந்தாளு காதுக்குத் தப்பிச்சுன்னா, அடுத்த மூணு படமும் வேற ஆளுக்கு."

இந்த ஊர் வாத்தியக்காரர்கள் தப்புச் சுரத்தை ரொட்டி என்பார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது.

திரையில் படம் ஓடியது. தெல்மோத் கையை உயர்த்தினார். முப்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சாக வாசிக்கத் தொடங்கினார்கள். லுசேத் சுவரோரம் உட்கார்ந்து மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் திடீரென்று நிமிர்ந்தாள். இரண்டாம் ட்ரம்பெட் மர்சோ ஊதியது ரொட்டி! அவன்மேல் பழியில்லை. சுரத்தை அரைப்படி இறக்கும் குறியைப் போடாமல் விட்டது இவள் பேனா.

சாமர்த்தியக்காரியாயிருந்தால் சத்தம் காட்டாமல் இருந்திருப்பாள். இவளோ மனசுக்குள் மன்றாடினாள். கண்டுபிடிச்சிடுங்க மொதலாளி, எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிகிழின்னு கிழிங்க!

தெல்மோத்தின் கை நிற்கவில்லை. ஒரு வரி போயிற்று, இரண்டு வரி போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் பெல்லிசியே எழுந்தே நின்றுவிட்டார்.

சட்டென்று தெல்மோத் இரண்டு கையையும் விரித்தார். வாத்தியங்கள் அடங்கின.

"மர்சோ, ஒன்பதாவது வரியில என்ன எழுதியிருக்கு?"

"வெறும் 'சி'ன்னு இருக்கு மொதலாளி. இறக்கல."

"அப்படிச் சொல்லு. இன்னிக்கு ரொட்டி சுட்டது நம்ம லுசேத்! அம்மா தாயே, வெண்ணெய் தடவிக் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. "சூடா இருக்கா லுசேத்?" என்று ட்ரம்போன்காரன் வேறு கத்தினான். பதினெட்டு வருஷத்தில் வாங்கிய பாராட்டெல்லாம் இந்த ஒரு திட்டுக்கு ஈடாகாது என்று இருந்தது அவளுக்கு. பெல்லிசியே தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு தாள்களை அடுக்கிக்கொண்டே அவர் எதிரில் வந்து நின்றாள்.

"முப்பத்திரண்டு பேர் சத்தத்துல அந்த ஒத்தைச் சுரம் எப்படி மொதலாளி கேட்டுச்சு?"

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கேக்கல. மர்சோ ட்ரம்பெட்டுல மொதல் பொத்தானை அமுக்கணும். ரெண்டாவதை அமுக்கினதைப் பார்த்தேன். அவன் விரலா, உன் தாளான்னு யோசிக்கத்தான் ரெண்டு வரி ஆச்சு."

"அப்ப... அந்தப் பேச்சு..."

"நெசம்தான். மூணு படமா எனக்கு ஒண்ணும் காதுல விழல. இப்ப நீ பேசுறதும் உதட்டைப் பார்த்துத்தான்."

அடேயப்பா! மூன்று படமாக முப்பத்திரண்டு ஜோடிக் கைகளையும் கண்ணாலேயே கேட்டிருக்கிறார் மனுஷர். அவளுக்கு ஊரோடு போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கும் அவள் வருந்தவில்லை.

அவர் சின்னப்பிள்ளைபோல் தயங்கினார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். கடைசியில வயலினெல்லாம் சேர்ந்து வருதே, அந்த இடம்... நல்லாயிருக்கா?"

லுசேத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தாள். திருப்பினால் அவருக்கு உதடு தெரியாதே. கண்ணீர் வழிய வழிய, அவரை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு, மொதலாளி."