ஓம் என்ற சொல்லுக்கு வாங்கிய செப்புத் தகடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால், மாதாவில் நம்பிக்கை விட்டுப்போனவன் என்று எங்கள் கோயிலில் சிலர் நினைப்பார்கள். எழுதாவிட்டால், என் வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு செப்புத் தகட்டைப் பற்றிய பொய்க் கதை ஒன்று மாதாவின் பெயரால் ஓடிக்கொண்டே இருக்கும். வருத்தக்காரர்கள் அதைத் தொட்டுச் சுகம் பெற வருகிறார்கள். அதனால்தான் இப்போது எழுதத் துணிந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எனக்குத் தூண்டில், நைலோன் நூல், மிதவை விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. குடி, புகை இல்லை. பழங்காசு வாங்குவது மட்டும்தான் எனக்கிருக்கும் ஒரே ஆசை. ஆரம்பத்தில் நிறைய ஏமாந்தேன். ஏமாந்து ஏமாந்துதான் விலை பார்க்கப் பழகினேன்.

முதலில் விளிம்பைப் பார்ப்பேன். வார்த்து எடுத்த கள்ளக் காசில் விளிம்பைச் சுற்றிப் பொருத்துக்கோடு இருக்கும். அதை அரத்தால் தேய்த்திருந்தாலும் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். பிறகு நிறம். மண்ணுக்குள் கிடந்த செம்பில் பிடித்த பச்சை நகத்தால் சுரண்டினால் வராது, பூசின பச்சை வந்துவிடும். யாராவது குத்துவிளக்கு மினுக்குவது போலப் பழப்புளி போட்டு மினுக்கியிருந்தால் பாதி விலை அங்கேயே போயிற்று. கடைசியாக என்னையே ஒரு கேள்வி கேட்பேன்: பக்கத்தில் இருப்பவர் இதை விரும்பாவிட்டால் நான் எவ்வளவு கொடுப்பேன்? அதுதான் எனக்கு விலை.

ஏலம் சூடேறிய பிறகு இந்தக் கேள்வியை யாராலும் கேட்க முடியாது. அதனால் வீட்டை விட்டுப் புறப்படும்போதே மாதா படத்துக்கு முன்னால் நின்று தொகையை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். பிறகு அதைத் தாண்டமாட்டேன்.

ஒரு முறை ஏலம் எங்கள் ஊர் மண்டபம் ஒன்றில் நடந்தது. காலமான ஒருவர் அனுமதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்த பழங்காசுகளை அவருடைய பிள்ளைகள் விற்றார்கள். அவற்றுள் நீளச்சதுரமான ஒரு செப்புத் தகடு இருந்தது, விரலளவுதான். இலட்சுமித் தகடு என்பார்கள். மிகப் பழைய காலத்தில் இந்தத் தீவில் காசு போலப் புழங்கியதாகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு பெண் நிற்பாள், இரண்டு பக்கமும் தாமரைமேல் யானைகள் நின்று அவள் தலையில் நீர் ஊற்றும். இதில் முகம் தேய்ந்திருந்தது, ஒரு மூலை உடைந்திருந்தது, பச்சை மட்டும் நல்ல பச்சை. பன்னிரண்டாயிரம் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மண்டபத்தில் மின்விசிறி இருக்கும் என்று என் மனைவியும் கூட வந்தார். போன உடனேயே பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணோடு கதை தொடங்கிவிட்டது. ஏலம் கூறியவர் எங்கள் பக்கத்து ஆள். கரையில் மீன் ஏலம் கூறுவது போலத்தான் அவருடைய முறையும். அவர் தொகையைச் சொல்லுவார், யாராவது ஆம் என்பதற்கு "ஓம்" என்றால் அது அப்படிச் சொன்னவர் பெயரில் நிற்கும்; கூட்டிக் கேட்க விரும்புகிறவர் தானே ஒரு தொகையைச் சொல்லலாம்.

பதினோராயிரத்துக்கு நான் "ஓம்" என்றேன். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கனவான் பதினான்கு என்றார். என் கதை அதோடு முடிந்தது என்று கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"பதினைஞ்சு?" என்று கேட்டுக்கொண்டு ஏலக்காரர் எங்கள் வரிசையைப் பார்த்தார்.

பக்கத்துப் பெண் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "பிள்ளையள் வெளியிலயோ அக்கா?"

"ஓம்," என்றார் மனைவி.

கனவான் பதினாறு என்றார்.

"பதினேழு?"

"மூத்தவ கனடாவிலயோ?"

"ஓம், ஓம்."

கனவான் திரும்பி, என் மனைவி இவ்வளவு உறுதியாகச் சொல்வதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். தகடு எங்களுக்கு.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவர் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. இப்போதுதான் ஒன்றைக் கேட்கிறார் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

வெளியில் வந்ததும் அவர் கேட்டார்: "இஞ்சருங்கோ, பன்ரெண்டு எண்டு சொல்லிப்போட்டு ஏன் பதினேழுக்கு எடுத்தனீங்கள்?"

"நீர்தானே ஓம் எண்டனீர்."

"நான் பிள்ளையளைப் பற்றியெல்லோ சொன்னனான்."

"மாதாவுக்குச் சொன்ன தொகை?"

"அது நீங்கள் சொன்னது. நான் ஒண்டும் சொல்லேல்லையே."

மூன்றுசக்கர வண்டியில் வீடு வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூடி நின்றபோது மனைவி இதைச் சொல்லி, "என்ர வாயில மாதாதான் ஓமைப் போட்டவ" என்று பகிடி விட்டிருக்கிறார். அது சிரிப்புக்குச் சொன்ன பகிடி. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் மாதா குரல் கொடுத்தார் என்று ஆயிற்று. பிறகு தகட்டில் நிற்பவரே மாதா என்று ஆயிற்று. தலைக்கு இரண்டு பக்கமும் தேய்ந்து தெரியும் உருவங்கள் வானதூதர்கள். தலைவலிக்காரர், மூட்டுவலிக்காரர் எல்லோரும் வரத் தொடங்கினார்கள். தேத்தண்ணி கொடுத்து, அது அப்படி இல்லை என்று சொல்லி அனுப்பினோம். அவர்களும் எங்கள் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு புல்மோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தார். கண்ணில் வெண்புரை. பெரியாசுப்பத்திரியில் ஒப்பரேசனுக்கு அன்றைக்குத்தான் படுக்கச் சொல்லியிருந்தார்கள். உடுப்புப் பையும் கையில் இருந்தது. ஆனால் அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கண்ணில கத்தி வைக்க எனக்கு ஏலாது ஐயா. இதை ஒருக்காக் கண்ணில ஒத்திப்போட்டு வீட்ட போறன்."

இந்தக் கதையால் ஒரு மனுசியின் கண் போகப் போகிறதே என்று பயந்தேன். ஏல மண்டபத்தில் நடந்ததை ஒன்றும் விடாமல் அவருக்குச் சொன்னேன்.

"அப்ப இது மாதா இல்லையோ?"

"இல்லை அம்மா. இலட்சுமி. பக்கத்தில நிக்கிறது யானை."

தகட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

மனைவி சொன்னார்: "அந்த வளைஞ்சதைத் தடவிப் பாருங்கோ. வானதூதருக்குத் தும்பிக்கை இருக்குமோ?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப நான் இவ்வளவு தூரம் சும்மா வந்தனானோ?" என்று கேட்டார்.

"சும்மா இல்லை. ஆசுப்பத்திரிக்குத்தானே வந்தனீங்கள், வழியில எங்கட வீட்ட இறங்கியிருக்கிறியள். இருங்கோ, சீலையை மாத்திக்கொண்டு நானும் வாறன்," என்றார் மனைவி.

கூடவே போனார். அந்தப் பெண்ணின் மகள் வந்து சேரும்வரை ஆசுப்பத்திரி வாட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்லியிருக்கிறார். ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. கட்டவிழ்த்த பிறகு அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, "நீங்கள் இவ்வளவு கறுப்போ அக்கா?" என்று கேட்டார். அன்று மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஆனால் ஊரில் இப்போது என்ன கதை தெரியுமா? தகட்டை ஒத்தினதும் கண் திறந்ததாம்.

அவர் அதைக் கண்ணில் ஒத்தவே இல்லை. கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். கண்ணைத் திறந்தது வைத்தியரின் கை. பயத்தோடே போய்ப் படுத்தது அவருடைய துணிவு. இரண்டையும் கொடுத்தவர் ஆண்டவர் என்று நான் முழு மனதாக நம்புகிறேன், தினமும் நன்றி சொல்கிறேன். மாதாவுக்கு என் அலுமாரியிலிருந்து பொய்ச் சாட்சி தேவையில்லை. முன்வீட்டுச் சைவ அம்மா சில வெள்ளிக்கிழமைகளில் வந்து தகட்டைப் பார்த்துக் கும்பிடுகிறார். அது அவருடைய இலட்சுமி. கதவைத் திறந்து விடுகிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் உங்கள் கோயிலிலும் பஸ்ஸிலும் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது யானையை யானையாகவே விடுங்கள். என் மனைவி சொன்ன ஓம், கனடாவில் இருக்கும் எங்கள் மகளைப் பற்றியது. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். கண்ணில் வெண்புரை உள்ளவர் யாராவது இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.