அக்கா லெம்மா

கல்லூரியில் அவளுக்கு ‘அம்பு மேடம்’ என்று பேர். எந்தக் கணக்குப் பாடத்தை ஆரம்பித்தாலும் மணி அடிப்பதற்குள் பலகையில் நாலு புள்ளியும் ஏழு அம்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வட்டிக் கணக்கு நடத்தும்போதுகூட அம்பு போட்டால் பிள்ளைகள் வேறென்ன பேர் வைப்பார்கள், சொல்லுங்கள். அவளுக்கு அதில் கோபமும் கிடையாது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும், “இன்னிக்கு அம்பு எது மேல பட்டுச்சு?” என்று கேட்பார். அவள் சொல்வாள். அவருக்கு ஒரு எழவும் புரியாது. ஆனாலும் முழுதும் கேட்டுவிட்டு, “பெரிய விஷயம்தான்” என்று சொல்லிக் கையலம்பப் போவார். இந்தக் காலத்தில் இவ்வளவு கேட்கிற புருஷன் கிடைத்ததே பெரிது.

அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான். பயந்துவிடாதீர்கள், சுலபமாகவே சொல்லலாம். புள்ளியையும் அம்பையும் வைத்துக் கட்டிய ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. அதை, வம்புதும்பு இல்லாத நல்ல பிள்ளை மாதிரியான வேறோர் அமைப்பால் மூட வேண்டும். மூடி எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் வாய்க்கும். அதனால் ஒரு மிச்சம் விழும். மிச்சத்தை மறுபடி மூடினால் அதற்கும் ஒரு மிச்சம். சில அமைப்புகளில் நாலைந்து படியில் எல்லாம் தீர்ந்துவிடும். சிலதில் காலத்துக்கும் தீராது. தீராததை விட்டுத்தள்ளுங்கள். தீர்கிறவற்றுக்குள்ளே, எவ்வளவு இழுத்தடித்தாலும் இத்தனை படிக்கு மேல் போகாது என்று ஓர் எல்லை உண்டா? உண்டு என்றுதான் கணக்கு உலகத்தில் பாதிப்பேர் நம்புகிறார்கள். நிரூபித்தவர் யாரும் இல்லை. எத்தனையோ பெரிய தலைகள் மோதிப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லா அம்பையும் திருப்பிப் போட்டால் கணக்கே வேறாகிவிடும். இடப்பக்கமாக நடந்தால் எல்லை ஒன்று, வலப்பக்கமாக நடந்தால் வேறொன்று. இரண்டும் சமமாக இருந்தாக வேண்டும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

அம்பு மேடம் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தாள். துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுக் கட்டிய ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வகையில் இடமும் வலமும் ஒன்றேதான் என்று ஒரு லெம்மா போட்டாள். லெம்மா என்றால் பெரிய தேற்றத்துக்கு ஏறுவதற்கு முன் வைக்கிற முக்காலி. பேப்பர் அச்சானது, பதவி உயர்ந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்த முக்காலி மேல் நின்றுகொண்டுதான் மேலே மேலே கட்டினாள். வாரத்துக்கு எத்தனையோ வகுப்பு, விடைத்தாள் கட்டு, மாமியாருக்கு மூட்டு வலி, எல்லாவற்றுக்கும் நடுவில்தான். இந்த வருஷம் கட்டிடம் முடிந்தது. அந்த வகை முழுவதற்கும் எல்லை உண்டு என்று நிரூபித்தாகிவிட்டது.

அவள் எழுதுகிறதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய ஆள் அக்கம்பக்கத்தில் ஒரே ஒருவன். சுருட்டை. அவள் ஆராய்ச்சி செய்த அதே வழிகாட்டியிடம் இரண்டு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தவன். அப்போது தலை நிறையச் சுருள் முடி. இப்போது வழுக்கை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பேர் மட்டும் போகவில்லை. அவன் பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கீழே பத்துப் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி நடத்தினான். இவள் சாதாரணக் கல்லூரியிலேயே தங்கிவிட்டாள். அதனால் என்ன? கூடப் பிறந்த தம்பி இல்லாத குறையை அவன் தீர்த்தான். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் என்றே சொல்லலாம். எதை எழுதினாலும் முதலில் அவனுக்குத்தான் அனுப்புவாள். இரண்டு நாளில் போன் வரும். “சரியா இருக்கு அக்கா.” அவ்வளவுதான், அவளுக்கு உயிர் வரும்.

அவன் துறையிலேயே மூன்று நாள் கருத்தரங்கு வைத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் அம்பு மேடத்தின் பேச்சு. சுருட்டைதான் ஏற்பாடு செய்தான். காலையில் அவள் படியேறும்போதே இரண்டு மூன்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து, “அக்கா வந்துட்டாங்க” என்று சிரித்தார்கள். சுருட்டை கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

டீ இடைவேளையில், காகிதக் கோப்பையும் கையுமாக ஒரு பெண் அவளிடம் வந்தாள். சுருட்டையிடம் இரண்டாம் வருஷம் ஆராய்ச்சி செய்கிறவள். நல்ல பெண், கண்ணில் கள்ளம் கபடம் கிடையாது.

“மேடம், ஒரு சின்ன சந்தேகம். அக்கா லெம்மா இல்லாம எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“என்ன லெம்மாம்மா?”

“அய்யோ, சாரி மேடம். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இடமும் வலமும் ஒண்ணுன்னு உங்க பழைய பேப்பர்ல வருமே, அது.”

“அது இல்லாம எதுக்கு வரணும்? அதை வச்சுத்தானே எல்லாமே?”

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“இல்ல மேடம்... அந்த மூணு புள்ளி உதாரணம்... சார் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?”

“சொல்லலையே. என்னது அது?”

“இந்த லெம்மாவில தப்பு எங்கன்னு கண்டுபிடிங்கன்னு, முதல் வாரமே எல்லாருக்கும் சார் குடுக்குற கணக்கு மேடம். எங்களுக்கு முன்னாடி இருந்த அண்ணன்களுக்கும் குடுத்திருக்காரு. நீங்க அதை எப்பவோ சரி பண்ணியிருப்பீங்கன்னுதான் நாங்க எல்லாரும்...”

“சரிம்மா, நீ போய் டீ குடி” என்றாள் அம்பு மேடம். குரல் எங்கிருந்தோ வந்தது.

ஒருத்தியின் புருஷன் வேறெங்கோ குடித்தனம் நடத்தினால், பால்காரனுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், கட்டினவளுக்கு மட்டும் தெரியாது என்பார்களே, அந்தக் கதைதான் இது. அண்ணன்கள் முதற்கொண்டு தெரியும். போன வருஷம் வேறொரு கருத்தரங்கில் ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “விடாம உழைக்கிறீங்க, அது பெரிசு” என்றார். பாராட்டு என்று நினைத்து வீட்டுக்காரரிடம் சொல்லி மகிழ்ந்தாளே, அந்த ஆளுக்கும் தெரிந்துதான் இருக்கும். காலையில் படியில் கேட்ட சிரிப்பு இப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவமானத்தில் உடம்பு கூசியது.

மாடியில் ஒரு வகுப்பறை காலியாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பலகை முன் நின்றாள். தப்பு இருக்காது என்றுதான் இன்னும் அடிமனசு சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏதோ குழப்பிக்கொண்டிருக்கும், அம்பைத் திருப்பி எழுதியிருக்கும். மூன்று புள்ளி வைத்தாள். நடுப்புள்ளியில் தன்னையே சுற்றிக்கொள்ளும் ஒரு வளையம் போட்டாள். அம்புகளை இழுத்து, மூடி மூடி மிச்சம் எடுத்துக்கொண்டே போனாள். இடப்பக்கம் இரண்டாவது படியில் தீர்ந்தது. வலப்பக்கம் ஒன்றிலேயே தீர்ந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதேதான் வந்தது. நிரூபணத்தின் நடுவில், இடப்பக்கத்துக்குக் காட்டிய ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கத்துக்கு எடுத்துப் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு வரி. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு, பக்கத்தில் ஒருவன் இருந்து ‘ஏய், பக்கம் மாறுது பாரு’ என்றால் போதும்.

கீழே டீ நேரமே இன்னும் முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்தை முழுங்கிய தப்பைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை! பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கர்ச்சீப்பைத் தேடினாள், காணவில்லை. சேலைத் தலைப்பு முழுக்கச் சாக்பீஸ் தூள். துடைக்கத் துடைக்க கண் இன்னும் எரிந்தது. அழுதுகொண்டே பலகையைப் பார்த்தாள். பார்த்தால், இந்தத் தொழில் பிடித்தவர்களுக்கு வேறு வழி கிடையாது, மூளை தன் பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கெடுக்கிறது அந்த வளையம்தான். ஒட்டுப்போடுகிற புள்ளியில் வளையம் உட்காராமல் இருந்தால்? அப்போது இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லையே, ஒரு பக்கம் மட்டும் போதுமே? எழுந்து எழுத ஆரம்பித்தாள். அடுத்தவர் பேச்சு போனது, சாப்பாட்டு நேரமும் போனது, அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கட்டிடத்தில் பாதியாவது மிஞ்சும் போலிருந்தது. மிஞ்சுமா என்பதுதான் இப்போது அவளுக்கு உயிர்.

கதவு திறந்தது. சுருட்டை.

“இங்கயா இருக்கீங்க அக்கா? சாப்பிடக்கூட வரலையே. இன்னும் கால் மணி நேரத்தில உங்க பேச்சு...” பலகையில் மூன்று புள்ளியைப் பார்த்தான்.

“எப்போலேர்ந்துடா தெரியும்?” என்றாள்.

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். “யார் சொன்னா?”

“யார் சொன்னா என்ன? எப்போலேர்ந்து?”

“பேப்பர் வந்த அடுத்த வருஷம். பிள்ளைங்களுக்கு நடத்துறப்ப கண்ல பட்டுச்சு. சொல்லத்தான் அக்கா உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க அன்னிக்குத்தான் பதவி உயர்வு வந்துச்சுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல.”

“மறுநாள் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம். தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட, ஏன் இவ்வளவு நாள் சொல்லலன்னு கேப்பீங்களேன்னு பயமாயிடுச்சு.”

“அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொன்னியே?”

“லெம்மாவுக்கு அப்புறம் நீங்க எழுதினது எல்லாமே சரிதான் அக்கா. நான் பொய் சொல்லல.”

பாவி! வாதத்தைப் பாருங்கள். அஸ்திவாரம் இல்லை என்று தெரிந்துகொண்டே, மாடிச் சுவர் நேராக இருக்கிறது என்று போனுக்குப் போன் மெச்சியவன், பொய் சொல்லவில்லையாம்.

“சரி, சொல்லாததைக்கூட விடு. வாய் வரல, பயம், எல்லாம் சரி. பிள்ளைங்களுக்கு எதுக்குடா கணக்கா குடுத்த? பேர் வேற வச்சு?”

சுருட்டை தலையைக் குனிந்துகொண்டான். “நல்ல கணக்கு அக்கா அது” என்றான். “பக்கம் மாத்துற தப்பை அதைவிட அழகா எதுவும் சொல்லிக்குடுக்காது. பேர் நான் வைக்கல. அதுங்களா வச்சுக்கிச்சு.”

அறையலாம் போல இருந்தது அவளுக்கு. சிரிப்பும் வந்து தொலைத்தது. அவன் சொன்னது உண்மை, அது நல்ல கணக்குத்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்குக் குடுத்திருக்கலாமேடா” என்றாள். “அந்தக் கணக்கை முதல்ல எனக்குல்ல குடுத்திருக்கணும்? எவன் எவனோ வந்து முதல் வாரத்தில போட்டுட்டுப் போறான். என் தப்பை நானே கண்டுபிடிக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையே. உன்னை நம்பி நான் இத்தனை வருஷம்...” திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவன் மெல்லப் பலகைக்குப் பக்கத்தில் வந்து, அவள் புதிதாக எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான். மேலிருந்து கீழே, வரி வரியாக, உதடு அசைய அசைய. வளையம் இல்லாத புள்ளி, ஒரு பக்கம் மட்டும், பாதிக் கட்டிடம். அவளும் தன்னை அறியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தாள். இதைப் படித்துச் சொல்ல அந்த இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? புரியக்கூடிய மற்றவர்களெல்லாம் அவன் பிள்ளைகள். கீழே மண்டபத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

கடைசி வரிக்கு வந்ததும் சுருட்டையின் முகம் மலர்ந்தது. “அக்கா, இது நிக்குது. பாதி வகைக்கு நிக்குது. தைரியமா போய்ச் சொல்லுங்க.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கண்ணில் ஈரம், உதட்டில் சிரிப்பு. நிஜமாகவே நிற்கிறது என்றாலும் அவன் முகம் இப்படித்தான் இருக்கும். அவள் மனசு நோகக் கூடாதே என்று சொன்னாலும் இப்படித்தான் இருக்கும். இத்தனை காலம் பழகியும் எது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவள் பார்வை அவனுக்குப் புரிந்துவிட்டது. “சத்தியமா அக்கா” என்றான். கையைக்கூட நெஞ்சில் வைத்தான். “உங்க மேல சத்தியமா நிக்குது.”

“கணக்குக்கு எதுக்குடா சத்தியம்?” என்றாள் அவள். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதல் வரியில் விரலை வைத்துத் தானே சரிபார்க்கத் தொடங்கினாள். கீழே அவள் பேரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவள் இரண்டாவது வரிக்குத்தான் வந்திருந்தாள்.