குழித்தறிக்குள் பதினொன்றரை மணி

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நான் வீட்டில் ஆங்கிலத்தில் பத்து வரி உரக்கப் படித்தேன். எல்லாம் கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்கலம் எங்கே விழுமோ என்று ஊரெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த எழுபத்தொன்பதாம் வருஷம். நான் பதினோரு வயதுப் பெண். எங்கள் ஆங்கில வாத்தியார் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ராக்கெட்டைக் கொண்டே எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பத்திலிருந்து தலைகீழாக எண்ணுவோம். பெஞ்சு மேல் நிற்பவன் சந்திரனில் இறங்கியவன். அங்கே கண்டதை ஆங்கிலத்தில் சொன்னால்தான் கீழே வர முடியும். அந்த வாரம், ஸ்கைலாப் நம் ஊரில் விழுவதாக ஒரு ரேடியோ செய்தி எழுதி வரச் சொன்னார். மணி வேண்டும், இடம் வேண்டும், கேட்டால் நிஜம் போல இருக்க வேண்டும். நான் நோட்டில் மறுநாள் காலை பதினொன்றரை என்று போட்டேன். இடம், திருத்தணியில் மலைக்குக் கிழக்கே எங்கள் நெசவாளர் தெரு. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான்.

"இன்னா படிக்கிற? தமிள்ல சொல்லு" என்றார் தறியில் உட்கார்ந்திருந்த நைனா. சொன்னேன். தறி நின்றது.

"பேப்பர்ல போட்டுகீறாங்களா?"

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் தந்தியாக மட்டுமே வந்திருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் தேடி ஓடுவார்கள். அதில் இருந்தது ஒருமுறையும் பொய்யாகப் போனதில்லை. மேலும், நான் படிப்பதைக் கேட்க நைனா அதுவரை தறியை நிறுத்தியதில்லை.

"ஆங்" என்றேன்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா முதலில் சிரித்தார். "அமெரிக்காக்காரனுக்கு வேற எடமே கெடைக்கலியா?" இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். தெருவின் பெயர் வந்ததும் அவர் முகம் மாறியது. "தெருப் பேரோட போட்டுகீறான்பா!" இருட்டுவதற்குள் நான் அதை நான்கு வீட்டாருக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் என் ஆங்கிலம் இன்னும் நன்றாக வந்தது.

காலையில் தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. பாதிப் பேர் முருகனை நம்பி மலையேறிவிட்டார்கள். மீதிப் பேர் ஆர்.கே.பேட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அம்மா தம்பியைப் பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. தீட்டு, கோயில் படி மிதிக்கக் கூடாது. பஸ்ஸிலோ நிற்கக்கூட இடமில்லை. நாங்கள் மட்டும் வீட்டில் இருந்தோம். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அழ ஆரம்பித்தாள்.

பதினொன்றேகாலுக்கு நைனா கத்தியோடு தறிக்குப் போனார். நெய்பவர் காலை விட்டுக்கொள்ளும் குழி அந்தத் தறிக்கு அடியில் இருந்தது. பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், அதை மூடிக்கொண்டிருந்தது. பாதி நெய்த கல்யாணச் சேலை ஒன்று அதில் இருந்தது. ஒரே ஓர் இழை அறுந்தாலும் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறவர் அவர். அத்தனை இழையையும் ஒரே இழுப்பில் அறுத்தார். கனத்த துணி கிழிவது போல ஒரு சத்தம்.

"எறங்கு" என்றார். இறங்கினேன். தம்பியை என் மடியில் வைத்தார்கள். மேலே பலகை வந்து மூடியது. மண் வாசனை, நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனை, கீற்றாக ஒரு வெளிச்சம்.

"நைனா! அத நான்தான் எளுதினேன். பேப்பர்ல இல்ல!"

மேலிருந்து நைனாவின் குரல் வந்தது. "எங்களத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாத கண்ணு. கம்முனு தம்பியப் புடிச்சிக்கோ."

அதற்கப்புறம் எனக்கே பயம் வந்துவிட்டது. எழுதிவிட்டதாலேயே அது வந்துவிட்டால்? அரக்கோணம் பக்கமிருந்து ரயில் ஊதியது. அம்மா வீறிட்டாள். தம்பி விழித்து அழுதான். பத்திலிருந்து தலைகீழாக எண்ணினேன். ஒன்று வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பத்திலிருந்து எண்ணினேன்.

பலகை மேல் நைனாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பலகை நகராமல் இருப்பதற்காக என்றுதான் நினைத்தேன். எனக்கும் ஒரு மகள் பிறந்து, அவள் பள்ளியிலிருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடுகிற வயது வந்த பிறகுதான், விழுவது முதலில் தங்கள் மேல் விழட்டும் என்று அவர்கள் அங்கே உட்கார்ந்தது உறைத்தது.

பன்னிரண்டரைக்கு வாசலில் சைக்கிள் நின்றது. வாத்தியார்.

"இன்னாங்க இது, இந்தத் தெருவுலருந்து ஒரு புள்ளகூட ஸ்கூலுக்கு வரல?"

நைனா என் நோட்டை நீட்டினார். வாத்தியார் நின்றபடியே படித்தார். பிறகு அறுந்து தொங்கிய பாவு அவர் கண்ணில் பட்டது. அறுத்த பாவு என்றால் அந்தச் சேலையின் நூலும் கூலியும் போச்சு என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலகையை விலக்கி என்னைத் தூக்கினார்கள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நைனா என் தலைமேல் கையை வைத்தார்.

பொய் சொன்னது நான். வாத்தியார் என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தறிப் பக்கம் குந்தி, நைனாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இது பாடங்க. நெசம் மாரியே எளுதிகினு வான்னு சொன்னது நான்தாங்க. உங்க பொண்ண அடிச்சிடாதீங்க."