வெறுங்குழாயில் வந்த மனிதர்

பழைய எலும்பைக் காப்பாற்றும் வேலையில் இருப்பவனுக்கு, உயிரோடு நடமாடும் ஒவ்வொருவரும் தொந்தரவுதான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தேன். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்தாழிகளில் புதைக்கப்பட்டவர்களின் பற்கள் அங்கே வரும். பல்லைத் தூளாக்கி டிஎன்ஏ எடுத்தால், அந்த ஆளின் தாய்வழி எந்த மக்களோடு சேர்கிறது என்று தெரியுமாம். அறையைத் துடைப்பதும், உள்ளே போகிறவர்களை நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு.

எட்டுப் பெட்டி

ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, ஒரு தொப்பி, ஒரு முகமூடி. மூக்கைத் தொட்டால் புது ஜோடி. மாதம் எட்டுப் பெட்டி தீரும். ஆரியசாலைக் கடைத்தெருவின் மொத்தக் கடைக்காரர் எட்டாவது பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "எப்பவோ செத்த ஆளுகிட்டேருந்து இனி என்ன சீக்கு வரும் அண்ணாச்சி?" என்று கேட்டார். நம் எச்சிலோ வியர்வையோ பட்டால் நம் டிஎன்ஏதான் தெரியும், கையுறை பல்லின் பாதுகாப்புக்கு என்று விளக்கினேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ சீக்கு நாமதானா?"

ஒன்றும் போடாத குழாய்

பல்தூள் போட்ட குழாய்களோடு, மருந்து மட்டும் ஊற்றிய ஒரு வெறுங்குழாயையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் மற்றதையும் நம்ப முடியாது. ஆய்வை நடத்திய பிரமிளா மேடம் நாகர்கோவில்காரர். பல்லில் தெளிவாக ஒரு ஆளின் டிஎன்ஏ கிடைத்த அன்று, முகம் வாடி என்னிடம் வந்தார்.

"வெறுங்குழாயிலயும் அதே ஆள் வந்திருக்காரு அண்ணாச்சி."

ஐந்தாவது பெயர்

தினமும் அறையைத் துடைப்பவன் நான். எல்லார் பார்வையும் என்மேல். அது என் டிஎன்ஏதான் என்றால் என்னை வாசல் காவலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆபீசில் பேச்சு. அந்த அறையில் வேலை செய்யும் நான்கு பேரும் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் தேய்த்துக் கொடுத்தோம். நால்வரோடும் பொருந்தவில்லை.

நோட்டைப் புரட்டினேன். அந்தப் பல்லைத் தூளாக்கிய நாளில் கொடுத்த முகமூடி நான்கு. உள்ளே போனவர்கள் ஐந்து. ஐந்தாவது, எங்கள் தலைவர் பெரிய சார். "ஒரு நிமிஷம்" என்று நுழைந்து, பல்லைக் குனிந்து பார்த்து, பக்கத்துக் குழாய்கள்மேலும் படும்படி தும்மினார். மேலதிகாரியிடம் 'வேண்டாம் சார்' என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு என் நிலைமை புரியும். ஆனால் எழுதியிருந்தேன்: 'முகமூடி இல்லை.' அந்தப் பக்கத்தைத் திறந்து, மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேடம் பெரிய சாரிடமும் பஞ்சு வாங்கினார். பொருந்தியது. சார் முடிவு வந்த தாளை ஆவலாகப் பார்த்து, "அப்போ தாழிக்காரர் எனக்கு என்ன உறவு?" என்று மேடத்திடம் கேட்டார்.

"உறவெல்லாம் இல்ல சார், உங்க தும்மல்."

மிச்சமிருந்த பல்

அதே தாழியில் இன்னும் ஒரே ஒரு பல் இருந்தது. அதைத் தூளாக்கும் நாளில் பெரிய சார் மறுபடி வந்தார். நான் முகமூடியை நீட்டினேன். என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞான் வெளியிலே நிக்காம் அண்ணாச்சி, எழுதண்டா" என்று மலையாளத்தில் சொல்லி, எழுத வேண்டாம் எனக் கையசைத்து, கதவருகிலேயே நின்றுகொண்டார்.

இந்த முறை வெறுங்குழாய் வெறுமையாகவே இருந்தது. பல்லிலும் எதுவும் இல்லை. நம் ஊர்ச் சூடும் ஈரமும் அதிலிருந்த டிஎன்ஏவை எப்போதோ தின்றுவிட்டன. மேடத்துக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ஒண்ணும் இல்லதான் அண்ணாச்சி, ஆனா இத நம்பலாம்."

இரண்டு வருடம் தேடி அந்த மண்தாழியிலிருந்து நாங்கள் கண்டெடுத்த ஒரே மனிதர், நான் ஓய்வு பெறும்வரை மாடியில் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.